வெங்கட்டுக்கும் ஸ்ரீகாந்துக்கும் மரியாதை மைதானத்தில் செய்யுங்கள்: அண்ணா பல்கலைக்கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

அண்ணா பல்கலைக்கழக நிர்வாகத்தினருக்கும், கிண்டி பொறியியல் கல்லூரி முதல்வர் அவர்களுக்கும், உடற்கல்வித் துறையினருக்கும், முன்னாள் மாணவர் சங்கத்தாருக்கும் வணக்கம்.

நான் உங்கள் கல்லூரியில் படித்தவன் இல்லை. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்கல்வி படித்துவிட்டு அரசுப் பள்ளிகளில் பி.டி. வாத்தியாராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என்னிடம் ஓடியும் எறிந்தும் பழகிய பிள்ளைகளில் நிறையப் பேர் பிளஸ் டூ முடித்ததும் இன்ஜினியரிங் போனார்கள். போன பிறகு அவர்களில் எத்தனை பேர் ஸ்பைக்ஸை மறுபடி காலில் மாட்டினார்கள் என்று யோசித்தால் மனது கனத்துப் போகும். அந்தக் கனத்தோடுதான் இதை எழுதுகிறேன். குறை சொல்ல எழுதவில்லை, கேட்க எழுதுகிறேன்.

கேட்பது இதுதான். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த இரண்டு பேர் இந்திய டெஸ்ட் கிரிக்கெட் அணிக்குக் கேப்டனாக இருந்திருக்கிறார்கள்: எஸ். வெங்கட்ராகவன், கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த். அவர்களுக்கும், அவர்களைப் போலப் புகழ் கிடைக்காமல் உங்கள் மைதானத்தில் ஆடிவிட்டுப் போன மற்றவர்களுக்கும் வளாகத்துக்குள் நிலையான மரியாதை செய்யுங்கள். அந்த மரியாதை இன்றைக்கு ஆடுகிற பிள்ளைக்குப் பயன்படுகிற மாதிரி இருக்கட்டும். நீங்கள் நடத்தியிருக்கும் விழாக்களையும் கொடுத்திருக்கும் விருதுகளையும் நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. விழா அன்றோடு முடிந்துவிடும், நான் கேட்பது தினமும் கண்ணில் படுகிற ஒன்றை.

இரண்டு பேரைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இன்றைக்கு முதலாம் ஆண்டில் சேர்கிற பிள்ளைக்கு வெங்கட்ராகவன் என்றால் யார் என்றே தெரியாது. அது அந்தப் பிள்ளையின் தப்பு இல்லை.

1965இல் நியூசிலாந்து அணி வந்தபோது வெங்கட்டுக்கு 19 வயது. சென்னையில் முதல் டெஸ்ட் ஆடினார். அந்தத் தொடரின் டெல்லி டெஸ்டில் ஒரு இன்னிங்ஸில் 72 ரன்னுக்கு 8 விக்கெட், ஆட்டம் முழுவதும் சேர்த்து 12. கல்லூரி வயது என்று நாம் சொல்கிறோமே, அந்த வயதில் ஒரு பையன் செய்த வேலை இது. பிறகு 1971இல் மேற்கிந்தியத் தீவுகளில் இந்தியா முதல் முறையாகத் தொடரை வென்றபோது 22 விக்கெட் எடுத்தார். பேடி, பிரசன்னா, சந்திரசேகர் என்ற மூன்று பெரிய ஸ்பின்னர்களுக்கு நடுவே இடம் பிடித்து 57 டெஸ்ட் ஆடி 156 விக்கெட் எடுத்தவர். முதல் இரண்டு உலகக் கோப்பைகளிலும், 1975லும் 1979லும், இந்தியாவுக்கு அவர்தான் கேப்டன். 1979 ஓவல் டெஸ்டில் 438 அடிக்க வேண்டிய இந்தியா 429 வரைக்கும் போய் நின்றதே, கவாஸ்கர் 221 அடித்த அந்த ஆட்டத்திலும் அவர்தான் கேப்டன்.

ஆனால் அவருக்கு நடந்த மரியாதைக் குறைவுகளையும் சொல்ல வேண்டும். 1974இல் டெல்லி டெஸ்டுக்குக் கேப்டனாக்கினார்கள், அடுத்த டெஸ்டில் பன்னிரண்டாவது ஆளாக உட்கார வைத்தார்கள். 1979இல் இங்கிலாந்தில் இருந்து திரும்பும் வழியில், விமானத்திலேயே, கேப்டன் பதவி அவரிடம் இல்லை என்ற செய்தி அறிவிப்பாக வந்தது. அதற்கெல்லாம் அவர் சோர்ந்து உட்காரவில்லை. ஆட்டத்தை விட்ட பிறகு வெள்ளைக் கோட் போட்டு 73 டெஸ்டுகளில் நடுவராக நின்றார். வீரராகவும் நடுவராகவும் உலக அளவில் மதிக்கப்பட்ட ஆட்கள் கிரிக்கெட் வரலாற்றிலேயே கொஞ்சம்தான், அதில் ஒருவர் கிண்டியில் இன்ஜினியரிங் படித்தவர். வெங்கட்டுக்கு இப்போது எண்பது வயது தாண்டிவிட்டது.

ஸ்ரீகாந்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கிண்டியில் எலக்ட்ரிகல் படித்தவர். 1983 ஜூன் 25, லார்ட்ஸில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் அவர் அடித்த 38 ரன்தான் இரண்டு அணிகளையும் சேர்த்து அதிகபட்ச ஸ்கோர். மேற்கிந்தியத் தீவுகளின் ராபர்ட்ஸ் பந்தை முட்டி போட்டு அடித்த அந்த ஸ்கொயர் டிரைவைத் தெருவில் தென்னை மட்டையை வைத்து ஆடிக் காட்டாத பையன் அந்தக் காலத்தில் கிடையாது. 1989இல் பாகிஸ்தான் போனபோது கேப்டன். சச்சின் முதல் டெஸ்ட் ஆடியது அவருடைய தலைமையில்தான், இம்ரான், வாசிம் அக்ரம் பந்து வீசிய அந்தத் தொடரில் நான்கு டெஸ்டையும் தோற்காமல் டிரா செய்து வந்தார்கள். 2011 உலகக் கோப்பை அணியைத் தேர்ந்தெடுத்த குழுவுக்கும் அவர்தான் தலைவர்.

உங்கள் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளையும் சேர்த்தால் வரிசை இன்னும் நீளும். அஸ்வின் காலவாக்கம் எஸ்.எஸ்.என். கல்லூரியில் ஐ.டி. படித்தவர், 106 டெஸ்டில் 537 விக்கெட். வெங்கட்டைப் போலவே ஆஃப் ஸ்பின்னர், வெங்கட்டைப் போலவே இன்ஜினியர். டேபிள் டென்னிஸ் சத்தியன் செயின்ட் ஜோசப்ஸ் பொறியியல் கல்லூரியில் ஐ.டி. முடித்தவர், 2018 காமன்வெல்த் போட்டியில் அணித் தங்கம் வென்ற குழுவில் ஆடியவர், உலகத் தரவரிசையில் 24ஆவது இடம் வரை போனவர்.

இந்தப் பெயர்கள் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்டால், ஒரு வாத்தியாராக நான் வருஷா வருஷம் தோற்றுக்கொண்டிருந்த ஒரு வாக்குவாதத்துக்கு இவர்கள்தான் பதில். பத்தாம் வகுப்பு வரைக்கும் மண்டலப் போட்டி, மாவட்டப் போட்டி என்று வந்துகொண்டிருந்த பையனை, பதினொன்றாம் வகுப்பில் அப்பா வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். "சார், இன்ஜினியரிங் சீட் வாங்கணும் சார், அப்புறம் விளையாடிக்கட்டும்" என்பார். அந்த அப்புறம் வரவே வராது. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்கிற பள்ளிக்கூடத்தில் இருந்துகொண்டு நான் அந்த அப்பாவிடம் என்ன சொல்வது? படிப்பும் விளையாட்டும் ஒன்றாகப் போகும் என்று நான் சொன்னால் அது வாத்தியார் பேச்சு. கிண்டி பொறியியல் கல்லூரி தன் மைதானத்து வாசலில் எழுதி வைத்தால், அட்மிஷனுக்குப் பிள்ளையோடு வருகிற அந்த அப்பா அதை நின்று படிப்பார். இந்த மாநிலத்தில் அந்தக் கல்லூரியின் பெயருக்கு இருக்கிற மதிப்பு அப்படி. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய இடம். அந்த இடம் ஒரு விஷயத்தை மதிக்கிறது என்றால் தமிழ்நாடு முழுக்க மற்ற கல்லூரிகளும் அதை மதிக்கத் தொடங்கும்.

சரி, எப்படிச் செய்யலாம்? வெளியே சில பல்கலைக்கழகங்கள் செய்ததில் நல்லதும் இருக்கிறது, நமக்கு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது.

அமெரிக்காவில் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம். 1968 அக்டோபர் 16, மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 19.83 விநாடியில் ஓடி உலக சாதனையோடு தங்கம் வாங்கிய டாமி ஸ்மித்தும், வெண்கலம் வாங்கிய ஜான் கார்லோஸும் மேடையில் தலை குனிந்து, கறுப்புக் கையுறை போட்ட கையை உயர்த்தி நின்றார்களே, இரண்டு பேரும் அந்தப் பல்கலைக்கழகத்து மாணவர்கள். கறுப்பின மக்களுக்கு நடந்த அநீதிக்கு எதிராக நின்றதற்காக அவர்களைப் போட்டியில் இருந்து வெளியேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். ஊரிலும் வசை, மிரட்டல், நல்ல வேலை கிடைக்காத பாடு. 37 வருஷம் கழித்து, 2005இல், வளாகத்தில் இரண்டு பேருக்கும் இருபது அடிக்கு மேல் உயரமான சிலை வைத்தார்கள். அதற்கு முன்கை எடுத்தது நிர்வாகம் இல்லை, மாணவர் பேரவை. நம் வளாகத்தில் இப்படி இருக்கிறவர்களுக்கு நாம் என்ன செய்திருக்கிறோம் என்று மாணவர்கள் கேட்ட கேள்வியில் இருந்து வந்தது அது.

அந்தச் சிலையில் எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாம் இடம். அன்றைக்கு வெள்ளி வாங்கிய ஆஸ்திரேலியர் பீட்டர் நார்மனும் அவர்களோடு சேர்ந்து மனித உரிமைச் சின்னத்தை மார்பில் குத்திக்கொண்டு நின்றவர், அதற்காகத் தன் நாட்டில் நிறைய இழந்தவர். என்னைச் செதுக்க வேண்டாம், அந்த இடத்தைக் காலியாக விடுங்கள், வருகிறவர்கள் ஏறி நிற்கட்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார். அப்படியே விட்டார்கள். மாணவர்கள் இன்றைக்கும் அந்தப் படியில் ஏறி, இரண்டு பேருக்கும் பக்கத்தில் நிற்கிறார்கள். திறப்பு விழாவுக்கு நார்மன் வந்திருந்தார். அடுத்த வருஷம் அவர் இறந்தபோது ஸ்மித்தும் கார்லோஸும் ஆஸ்திரேலியா போய் அவருடைய பெட்டியைத் தோளில் சுமந்தார்கள். ஒரு சிலையை எப்படி வைக்க வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

ஆனால் அதே பல்கலைக்கழகத்தில் இன்னொன்றும் நடந்தது. ஸ்மித், கார்லோஸ், அதே ஒலிம்பிக்கில் 400 மீட்டரை 43.86 விநாடியில் ஓடிய லீ எவான்ஸ் எல்லோரும் பட் வின்டர் என்ற பயிற்சியாளரிடம் தயாரானவர்கள். அந்தக் காலத்தில் அந்த இடத்துக்கு வேக நகரம் என்றே பெயர். அப்படிப்பட்ட தடகள அணியைப் பணம் இல்லை என்று 1988இல் கலைத்துவிட்டார்கள். 2005இல் அந்த இரண்டு ஓட்டக்காரர்களுக்குச் சிலை திறந்தபோது அந்த வளாகத்தில் அந்தத் தடகள அணி இல்லை. 2016இல்தான், ஸ்மித்தையும் கார்லோஸையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அணியை மறுபடி கொண்டு வருவதாக அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் அவர்கள் பயிற்சி எடுத்த, பயிற்சியாளரின் பெயர் தாங்கிய பட் வின்டர் மைதானம் தப்பவில்லை. அதை இடித்த இடத்தில் வாகனம் நிறுத்தும் அடுக்குக் கட்டிடம் வந்தது.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர் ஞாபகம்தான் வந்தது. எத்தனை பொறியியல் கல்லூரிகளில் மைதானம் என்று வரைபடத்தில் காட்டிய இடத்தில் கல்லூரிப் பேருந்துகள் வரிசையாக நிற்கின்றன! காலையில் எட்டரைக்கு வந்து நின்றால் சாயங்காலம் நாலரைக்குத்தான் எடுப்பார்கள், அதோடு பிள்ளைகளும் ஏறிப் போய்விடுவார்கள். விளையாட நேரமும் இல்லை, இடமும் இல்லை. அப்படி ஒரு கல்லூரியின் வரவேற்பறையில் விளையாட்டு வீரர் படம் மாட்டினால் என்ன, மாட்டாவிட்டால் என்ன.

ஆக்ஸ்ஃபோர்டில் செய்தது வேறு விதம். 1954 மே 6 அன்று ரோஜர் பேனிஸ்டர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடினார். நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடிய முதல் மனிதர். ஓடிய இடம் இஃப்லி ரோட்டில் இருக்கிற பல்கலைக்கழகத் தடம். அவர் அங்கே படித்தவர், அப்போது லண்டனில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்தார். அன்று காலையில்கூட மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறி வந்தார். பிற்பாடு பெரிய நரம்பியல் மருத்துவர் ஆனார். 2007இல் அந்தத் தடத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். இன்றைக்கும் மாணவர்கள் அதில்தான் ஓடுகிறார்கள். படித்துக்கொண்டே ஓடிய ஒருவரின் பெயர், படித்துக்கொண்டே ஓடுகிற பிள்ளைகளின் காலடியில் இருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

லாஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தையும் சொல்கிறேன், நம் ஆள் ஒருவர் அங்கே படித்திருக்கிறார் என்பதாலும்தான். யாழ்ப்பாணத்துக்காரர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீட்டர் உயரம் தாண்டி இலங்கைக்கு ஆசிய விளையாட்டின் முதல் தங்கம் வாங்கிக் கொடுத்தவர், அந்தப் பல்கலைக்கழக மாணவர். பிற்பாடு பேஸ்பாலில் பெயர் பெற்ற ஜாக்கி ராபின்சன் அங்கே நான்கு விளையாட்டுகளில் பல்கலைக்கழகத்துக்கு ஆடியிருக்கிறார், பட்டம் வாங்காமலேயே 1941இல் வெளியே போனவர். ஆனாலும் 2014இல், பேஸ்பாலில் அவர் அணிந்த 42ஆம் எண்ணை எந்த விளையாட்டிலும் இனி யாருக்கும் தருவதில்லை என்று முடிவு செய்தார்கள், விளையாட்டு வளாகம் மொத்தத்துக்கும் அவர் பெயர். அங்கே படித்த டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ் பெயரை எதற்கு வைத்தார்கள் தெரியுமா? மாணவர்களுக்கான மருத்துவ மையத்துக்கு. காய்ச்சல் என்று வருகிற எல்லாப் பிள்ளையும் அந்தப் பெயரைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். எனக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்திருக்கிறது.

இனி நான் கேட்பவை.

முதலில், சிலை வைப்பதென்றால் நிர்வாகக் கட்டிடத்து முன்னால் வைக்காதீர்கள், மைதானத்தில் வையுங்கள். மாலை போடுவதற்கு ஏணி தேவைப்படுகிற உயரத்தில் வேண்டாம். வெங்கட் பந்து வீச ஓடி வருகிற நிலையில், தரையோடு தரையாக, ஒரு முதலாம் ஆண்டுப் பையன் பக்கத்தில் நின்று தானும் கையைச் சுழற்றிப் பார்க்கிற மாதிரி இருக்கட்டும். கல்வெட்டில் திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், தலைமை தாங்கியவர் பெயரெல்லாம் பெரிய எழுத்தில் வந்து, ஆடியவர் பெயர் கீழே சின்னதாகப் போகிற வழக்கம் நம்மிடம் உண்டு. தயவுசெய்து அதை மாற்றுங்கள். வெங்கட்ராகவன், எந்த வருஷம் சேர்ந்தார், எந்தப் பிரிவு, டெல்லியில் 72க்கு 8. இவ்வளவு போதும்.

சிலைக்குப் பணம் இல்லை என்றால் அதுவும் சரி. பெவிலியனுக்கு ஒரு பெயர், நெட் பயிற்சி நடக்கிற இடத்துக்கு ஒரு பெயர் வையுங்கள். பெயர் வைத்த கையோடு அந்த நெட்டைக் கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிட்சுக்குத் தண்ணீர் விட ஆள் போடுங்கள், விளக்கு போடுங்கள். ஆஷ் பெயரில் மருத்துவ மையம் இருக்கிற மாதிரி, காலில் தசை பிடித்தால் போய்ப் படுக்க ஒரு பிசியோ அறை, அதற்கு வாரத்தில் சில நாளாவது வருகிற ஒரு பிசியோதெரபிஸ்ட். ஓடுகிற பிள்ளைக்குத் தொடைத் தசை கிழிந்தால் சுளுக்கு எடுக்கிறவரிடம் போகிற நிலைமைதான் இன்றைக்கும் பல இடங்களில். அந்த அறைக்கு ஸ்ரீகாந்த் பெயரை வைத்தால் அவருக்கு அது குறைவு என்று நான் நினைக்கவில்லை.

அடுத்தது, நான் எல்லாவற்றையும்விட அதிகமாக ஆசைப்படுவது, ஒரு பெயர்ப் பலகை. மைதானத்து வாசலில், எல்லோரும் உள்ளே வருகிற வழியில். 100 மீட்டரில் தொடங்கி டிரிபிள் ஜம்ப், சுத்தி எறிதல் வரைக்கும் ஒவ்வொரு நிகழ்விலும் கல்லூரிச் சாதனை யாருடையது, எந்த வருஷம், என்ன தூரம், அவர் எந்தப் பிரிவில் எத்தனையாம் ஆண்டு படித்தார். கபடி, ஹாக்கி, கைப்பந்து, கூடைப்பந்து, கால்பந்து என்று பல்கலைக்கழக அணிக்கு ஆடிய எல்லோருடைய பெயரும். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, இரண்டும் ஒரே அளவில், ஒரே உயரத்தில். வெங்கட்டும் ஸ்ரீகாந்தும் அந்தப் பலகையில் கிரிக்கெட் வரிசையில் இருக்கட்டும், அவர்களுக்கு மேலேயும் கீழேயும் நமக்குத் தெரியாத பெயர்கள் இருக்கட்டும். உலகம் அறிந்த இரண்டு பேரை மட்டும் தூக்கி வைத்தால், நம்மால் அந்த உயரத்துக்கு எங்கே என்று பிள்ளை ஒதுங்கிவிடும். மேலே இருக்கிற சாதனை 6.80 மீட்டர், நான் இப்போதே 6.50 தாண்டுகிறேன் என்று கணக்குப் போடுகிற பிள்ளைதான் மறுநாள் காலையில் ஐந்தரை மணிக்கு மணல் குழிக்கு வரும். வருஷா வருஷம் விளையாட்டு விழா அன்று, முறியடிக்கப்பட்ட சாதனைகளை அங்கேயே அழித்துப் புதுப் பெயர் எழுதுங்கள். பழைய சாதனைக்காரர் உயிரோடு இருந்தால் அவரையே கூப்பிட்டு எழுதச் சொல்லுங்கள்.

பயிற்சி கொடுத்தவர்கள் பெயரையும் மறக்க வேண்டாம். உடற்கல்வி இயக்குநர்கள், மைதானத்தைக் காத்த பணியாளர்கள், வெயிலில் சுண்ணாம்புக் கோடு போட்டவர்கள். பட் வின்டர் இல்லாமல் ஸ்மித் இல்லை. நான் படித்த நந்தனத்தில், 1920இல் அந்தக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக்கின் பெயரைச் சொல்லாமல் ஒரு வருஷமும் போகாது. இந்தியாவுக்கே உடற்கல்வியைச் சொல்லிக் கொடுத்த மனிதர் அவர். உங்கள் மைதானத்துக்கும் அப்படிச் சிலர் இருந்திருப்பார்கள். அவர்களைத் தேடுங்கள்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். என்னிடம் ஈட்டி எறிந்த ஒரு பெண் இன்ஜினியரிங் சேர்ந்தாள். எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை. மாநிலப் போட்டிக்குத் தேர்வானாள். ஓ.டி. என்று பிள்ளைகள் சொல்கிற அந்த ஆன் டியூட்டிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு எச்.ஓ.டி. அறை வாசலில் நின்றிருக்கிறாள், கையெழுத்து கிடைக்கவில்லை. அதே தேதியில் இன்டர்னல் தேர்வு. மறுதேர்வு கிடையாது என்றார்கள். 75 சதவீத வருகைப் பதிவைச் சொல்லிப் பயமுறுத்தினார்கள். போட்டிக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு அவள் ஈட்டியைத் தொடவில்லை. இப்போது நல்ல கம்பெனியில் வேலை பார்க்கிறாள், என்னைப் பார்த்தால் அன்பாகப் பேசுவாள், ஈட்டியைப் பற்றி மட்டும் பேச மாட்டாள்.

அதனால் நான் கேட்கிற மரியாதைகளில் ஒன்று கல்லிலோ வெண்கலத்திலோ இருக்காது, விதிப் புத்தகத்தில் இருக்கும். பல்கலைக்கழகத்துக்கோ மாநிலத்துக்கோ நாட்டுக்கோ ஆடப் போகிற மாணவரின் வருகைப் பதிவு கழியாது, அந்த நாட்களில் நடந்த இன்டர்னல் தேர்வும் செய்முறைத் தேர்வும் திரும்பி வந்ததும் தனியாக நடத்தப்படும், செமஸ்டர் தேர்வே மோதினால் அரியர் கணக்கில் சேராமல் வேறு தேதி தரப்படும், இதற்குத் துறைத் தலைவரின் மனநிலை காரணமாக இருக்காது, உடற்கல்வித் துறை கடிதம் கொடுத்தால் அது தானாக நடக்கும். இதை ஒரு விதியாக எழுதி, அதற்கு வெங்கட்ராகவன் விதி என்று பெயர் வையுங்கள். விளையாட்டு மாணவருக்கு விதிகளில் ஏற்கெனவே கொஞ்சம் சலுகை உண்டு என்று சொல்வீர்கள். உண்டு, ஆனால் சலுகை என்று இருக்கிற வரைக்கும் பிள்ளை கெஞ்சிக்கொண்டுதான் நிற்க வேண்டும். உரிமை என்று எழுதுங்கள். உங்கள் விதிகள் நானூறுக்கும் மேற்பட்ட இணைப்புக் கல்லூரிகளுக்குப் போகின்றன. ராமநாதபுரத்திலும் கிருஷ்ணகிரியிலும் ஒரு பிள்ளை, எனக்கு வெங்கட்ராகவன் விதியில் விடுப்பு வேண்டும் என்று தலை நிமிர்ந்து கேட்கும். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தேடியும் பார்க்கும்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வரி. காலையிலும் மாலையிலும் மைதானத்தில் அவர்களுக்கென்று நேரம், உடை மாற்ற அறை, கழிவறை, பயிற்சி முடிந்து வருகிறவர்களுக்காக விடுதிக் கதவு நேரத்தில் தளர்வு, மெஸ்ஸில் எடுத்து வைத்த சாப்பாடு. இதெல்லாம் இல்லாமல் பெண்கள் பலகையில் பெயர் ஏறாது. சாதனைப் பலகையில் பெண்கள் பக்கம் பாதி காலியாக இருந்தால் அதற்குக் காரணம் அவர்கள் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

முன்னாள் மாணவர் சங்கத்தாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உலகம் முழுக்க இருக்கிறீர்கள், கட்டிடம் கட்டித் தருகிறீர்கள், ஆய்வகம் வைத்துத் தருகிறீர்கள், நல்லது. ஒரு வருஷம் மைதானத்துக்குக் கொடுங்கள். முட்டை, பால், காலணி, பயணப்படி இவற்றுக்கு ஒரு நிதி. ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் போதும், ஒரு கட்டிடத்துக்கு ஆகிற செலவில் பல வருஷம் ஓடும். அப்புறம், நேரம் இருக்கிறபோதே வெங்கட்டையும் ஸ்ரீகாந்தையும் உட்கார வைத்துப் பேச வைத்துப் பதிவு செய்யுங்கள். டெஸ்ட் கதை எல்லாப் பேட்டியிலும் வந்துவிட்டது, அதைக் கேட்காதீர்கள். கல்லூரிக் கதையைக் கேளுங்கள். டிராயிங் ஹாலில் இருந்து நெட்டுக்கு எப்படி ஓடினார்கள், எந்த வாத்தியார் விட்டுக் கொடுத்தார், எந்தத் தேர்வை எப்படி எழுதினார்கள், வீட்டில் என்ன சொன்னார்கள். இன்றைக்கு மூன்றாம் செமஸ்டரில் திணறுகிற ஒரு ஆட்டக்காரப் பிள்ளைக்கு அதுதான் வேண்டும்.

பெரிய வேலைகளுக்குக் கூட்டம் போட வேண்டும், ஒப்புதல் வாங்க வேண்டும், டெண்டர் விட வேண்டும், எனக்குத் தெரியும், நானும் அரசு வேலை பார்த்தவன்தான். பலகைக்கு அதெல்லாம் தேவையில்லை. உடற்கல்வித் துறையில் இருக்கிற பழைய பதிவேடுகளை எடுத்துத் தூசு தட்டினாலே பாதிப் பெயர் கிடைக்கும். மீதிக்கு ஓர் அறிவிப்புப் போடுங்கள், பழைய மாணவர்கள் புகைப்படமும் சான்றிதழும் அனுப்பிக் குவிப்பார்கள். இந்த வருஷ விளையாட்டு விழாவுக்குள் தொடங்கிவிடலாம். என்னிடம் பழகி உங்கள் கல்லூரிகளில் சேர்ந்து பல்கலைக்கழக அணிக்கு ஆடிய பிள்ளைகளின் பெயர், நிகழ்வு, வருஷம் எல்லாம் பழைய நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கேட்டால் பிரதி எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு உடற்கல்வி ஆசிரியர்